பெரிய கடை கார்டும் 555 புத்தகமும்

போன மாசம் நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) வாசல்ல ஒரு குடை, ஒரு மேசை, ஒரே மாதிரி டீ சட்டை போட்ட ரெண்டு பிள்ளைங்க. வருஷத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) கட்டி கார்டு எடுத்தா ஈப்போவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கிடங்கு கடையில மொத்த விலைக்கு சாமான் எடுக்கலாமாம். அன்னையிலேர்ந்து எனக்கு வர்ற கடுதாசி, வாட்சப் எல்லாத்துலயும் இதே பேச்சுதான். அதனால மாமியார் பிரச்சனை, சம்பந்தி பிரச்சனை எல்லாம் அடுத்த இதழ்ல பாத்துக்கலாம், இந்த தடவை கார்டு மட்டும். கடை பேர நான் எழுதல, எந்த கார்டு கடைக்கும் கணக்கு ஒண்ணுதான்.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை, மூணு பிள்ளைங்க, மாமியாரும் எங்க கூடத்தான் இருக்காங்க. சாமானுக்கு மாசம் 600 வெள்ளி கிட்ட போயிடுது. பக்கத்து வீட்டு அக்கா கார்டு எடுத்துட்டாங்க, முதல் தடவை போனதுலயே 40 வெள்ளி மிச்சம்னு சொல்றாங்க. நானும் எடுத்துடவா?
— மூணு பிள்ளை அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த அக்காகிட்ட போயி 40 வெள்ளி மிச்சம் பண்ண எத்தனை வெள்ளி செலவு பண்ணீங்கன்னு கேளு. ரசீதை பாக்காம மிச்சம்ங்கிற வார்த்தைய நம்பாத, நான் மளிகைக்கடைக்காரர் மக, அதனால சொல்றேன்.

இப்போ பேப்பர், பேனா எடு. உங்க வீட்டுலேர்ந்து அந்த கடைக்கு போக வர 70 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். சின்ன காடி (கார்) லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுதுன்னா 4.7 லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30லேர்ந்து குடியுரிமைக்காரங்களுக்கு குடுத்த 1 வெள்ளி 99 காசு விலையிலயே போட்டாலும் ஒரு தடவைக்கு 9 வெள்ளி 30 காசு. மாசம் ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 111 வெள்ளி சொச்சம். அதோட கார்டு 100 வெள்ளி. ஆக 211 வெள்ளி, மாசத்துக்கு 17 வெள்ளி 60 காசு. டோல் இதுல சேரல, பிள்ளைங்க அங்க போயி ஐஸ்கிரீம் கேக்கிறதும் சேரல. அந்த 17.60 திரும்பி வந்தப்புறம்தான் மிச்சம்ங்கிற பேச்சே ஆரம்பிக்குது. அங்க சராசரியா பத்து சதவீதம் மலிவுன்னு வச்சா, மாசம் 176 வெள்ளிக்கு வாங்கினாத்தான் போட்ட காசு கைக்கு வரும்.

நீ உடனே சொல்லுவ, "நான்தான் 600 வெள்ளிக்கு வாங்குறேனே அக்கா"ன்னு. அங்கதான் விஷயம் இருக்கு. அந்த 600ல என்னென்ன இருக்குன்னு பாரு. பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு, அது அரசாங்கம் மானியம் குடுத்து வச்ச விலை. சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு, அதுவும் கட்டுப்பாட்டு விலை. உள்நாட்டு வெள்ளை அரிசி பத்து கிலோ 26 வெள்ளி, அதுக்கு மேல விக்கக்கூடாது. இதெல்லாம் உங்க தெருமுனை கடையிலயும் அதே விலை, அந்த கிடங்குலயும் அதே விலை. மீனு, காய்கறி, கீரை எல்லாம் காலையில பசார்லதான் வாங்குவ, அதுக்காக ஈப்போ தாண்டி போகமாட்ட. அப்ப 600ல பாதி அப்படியே கழண்டுடுச்சு. மிச்சம் இருக்கிறது துணி சோப்பு, பாத்திர சோப்பு, மைலோ, பிஸ்கட், பருப்பு, மல்லி மிளகாய், டிஷ்யூ, பாம்பர்ஸ். இதுலதான் மலிவு இருந்தா இருக்கும்.

பொன்னி அரிசி சாப்பிடுற வீடா இருந்தா அதையும் இதுல சேத்துக்க. அது இறக்குமதி, கட்டுப்பாட்டு விலை கிடையாது, கடைக்கு கடை வித்தியாசம் இருக்கும். 2023ல இந்தியா பச்சரிசி ஏற்றுமதிய நிறுத்தி, புழுங்கலரிசிக்கு வரி போட்டப்ப ஞாபகம் இருக்கா, அந்த வருஷம் செப்டம்பர் 1ல நம்ம நாட்டுலயும் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350லேர்ந்து 3,200 வெள்ளின்னு ஏத்திட்டாங்க, ஊரே உள்நாட்டு அரிசிக்கு ஓடி கடைங்கள்ல தட்டு காலியாயிடுச்சு. அந்த மாதிரி நேரத்துல பெரிய கிடங்குல இருப்பு இருந்தா நல்லதுதான், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்காக வருஷா வருஷம் கார்டு கட்டமுடியாதுல்ல.

சோப்பு கணக்கு ஒண்ணு சொல்றேன், என் நோட்டுலேர்ந்து. இங்க டவுன்ல நாலு லிட்டர் துணி சோப்பு 22 வெள்ளி, அதாவது லிட்டர் 5.50. ஒரு கார்டு கடையில ஒம்பது லிட்டர் கேன் 46 வெள்ளி, லிட்டர் 5.11. ஒரு கேனுக்கு மூணரை வெள்ளி மிச்சம், கேன தூக்கி காடியில வச்சதுல இடுப்பு போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு இங்கயே ஆஃபர் போட்டான், அதே நாலு லிட்டர் 19.90, லிட்டர் 5 வெள்ளிக்கும் கீழ. நான் என்ன பண்ணமுடியும், வீட்டுல ஒம்பது லிட்டர் உக்காந்துகிட்டு இருக்கு. பெரிசா இருந்தா மலிவுன்னு நம்ம கண்ணு நம்பிடுது. அதனால போன்ல கால்குலேட்டர தட்டி, விலைய கிலோவாலயோ லிட்டராலயோ வகுத்து பாக்காம எதையும் தள்ளுவண்டியில வைக்காத.

இன்னொண்ணு யாரும் கணக்குல சேக்காதது. மூணு மாச சோப்ப இந்த மாச சம்பளத்துல வாங்குறோம். 2025 பிப்ரவரிலேர்ந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அதுல வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைங்க வேன் காசு எல்லாம் போக கையில நிக்கிறது எவ்வளவு? 20ஆம் தேதி பிள்ளைக்கு காய்ச்சல்னா கிளினிக்குக்கு சோப்ப குடுக்கமுடியுமா? எங்கப்பா கடையில தோட்டத்து ஜனங்க எல்லாருக்கும் 555 புத்தகம் இருந்துச்சு, சின்ன நோட்டு, சட்டைப்பைக்குள்ள அடங்கும், சாமான் எடுத்தா எழுதிக்குவோம், சம்பளத்தன்னைக்கு அடைப்பாங்க. அப்பா விலை டவுன் விலைய விட அஞ்சு காசு பத்து காசு கூடத்தான், அது அவங்களுக்கும் தெரியும். ஆனா ஒரு மாசம் பொறுத்திருக்கிற காசுக்கு அதுதான் கூலி. கார்டு கடை தலைகீழ், நாம முன்கூட்டியே காசு கட்டிட்டு அப்புறம் சாமான் வாங்கப்போறோம். கையில ஒரு ரெண்டு மாச செலவு சேமிப்பு இருந்தா தாராளமா போ. இல்லைன்னா முதல்ல அத சேரு.

உனக்கு என் பதில், இந்த வருஷம் வேணாம். ஆறு மாசம் ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வை. சோப்பு, மைலோ, பருப்பு, பாம்பர்ஸ் மட்டும் தனியா கூட்டி மாசம் 200 வெள்ளி தாண்டுதான்னு பாரு. தாண்டினா எழுது, நானே கூட வந்து கார்டு எடுத்து தர்றேன்.

கேள்வி: வணக்கம்மா. என் மக மெல்பர்ன்ல இருக்கா. காஸ்ட்கோன்னு ஒரு கடை, கார்டு இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம், ஆனா எல்லாம் தரமா மலிவா இருக்குன்னு வீடியோ அனுப்பிக்கிட்டே இருக்கா. அங்க நல்லா நடக்குறது இங்க ஏன் நடக்காதுங்கிறீங்க?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோல கங்சார்

பதில்: வணக்கம் சார். நடக்காதுன்னு நான் சொல்லல, அங்க எப்படி நடக்குதுன்னு பாத்தா நம்ம ஆசை கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

இந்த கார்டு கடை யோசனை 1976ல அமெரிக்காவுல சான் டியேகோ ஊர்ல ஆரம்பிச்சது. சால் பிரைஸ்னு ஒருத்தர், விமானம் நிறுத்துற பழைய கொட்டகையில பிரைஸ் கிளப்னு திறந்தார். முதல்ல சின்ன வியாபாரிங்களுக்குத்தான். காஸ்ட்கோ 1983ல சியாட்டில்ல வந்துச்சு, 1993ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. ஆஸ்திரேலியாவுல முதல் கடை 2009ல, உங்க மக இருக்கிற மெல்பர்ன்லதான். நம்ம நாட்டுல காஸ்ட்கோ கிடையாது, சிங்கப்பூர்லயும் கிடையாது.

அவங்க தொழில் சூட்சுமம் எனக்கு ரொம்ப பிடிக்கும், கடைக்காரர் வீட்டு புத்தி. சாதாரண பேரங்காடியில முப்பதாயிரம் வகை சாமான் இருக்கும், காஸ்ட்கோவுல சுமார் நாலாயிரம்தான். ஜாம்னா ரெண்டு மூணு வகை, எடுத்தா எடு இல்லன்னா போ. வகை குறைஞ்சா ஒவ்வொண்ணுலயும் வாங்குற அளவு மலை மாதிரி ஆகுது, விக்கிறவன்கிட்ட விலைய பிடிச்சு இழுக்கலாம். சாமான் வந்த பலகையோடயே தரையில வச்சிடுறாங்க, அடுக்கிற கூலி மிச்சம். சரக்கு அவ்வளவு வேகமா போறதால சப்ளையருக்கு காசு கட்டுற நாளுக்கு முந்தியே பாதிக்கு மேல வித்துடும், எங்கப்பா கேட்டிருந்தா கண்ணீர் விட்டிருப்பார். அதோட வாங்கின விலைக்கு மேல சுமார் 14 சதவீதத்துக்கு மேல வைக்கக்கூடாது, சொந்த பிராண்டு கிர்க்லேண்டுக்கு 15ன்னு அவங்களே ஒரு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. அப்ப லாபம் எங்கேர்ந்து வருது? கார்டுலேர்ந்து. 2024 நிதியாண்டுல உறுப்பினர் கட்டணமா மட்டும் வந்தது சுமார் 480 கோடி டாலர், அந்த வருஷம் கம்பெனியோட நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர். கார்டு காசுக்கு செலவுன்னு பெரிசா எதுவும் கிடையாது பாருங்க. சோத்த கிட்டத்தட்ட அடக்க விலைக்கு போட்டுட்டு வாசல்ல டிக்கெட்டுல சம்பாதிக்கிற வியாபாரம்.

அமெரிக்காவுல சாதாரண கார்டு 60 டாலரா இருந்தது 2024 செப்டம்பர் 1லேர்ந்து 65 ஆச்சு. பெரிய கார்டு 130, அதுல வாங்குறதுக்கு ரெண்டு சதவீதம் திரும்ப வரும். கூட கட்டுற 65 டாலர் திரும்ப வரணும்னா வருஷத்துக்கு 3,250 டாலருக்கு சாமான் வாங்கணும், அதாவது மாசம் 270 டாலர். அங்க சம்பாதிக்கிறவங்களுக்கு, பெரிய காடி, பெரிய ஃப்ரீசர், வீட்டுக்கு கீழ ஸ்டோர் ரூம் இருக்கிறவங்களுக்கு இது சரியா வரும். ஒண்ணு மட்டும் அவங்ககிட்டேர்ந்து இங்க இருக்கிறவங்க கத்துக்கணும், கார்டு பிடிக்கலைன்னா கட்டின காசு முழுசா திருப்பி குடுத்துடுவாங்க. சார், இங்க மேசை போட்ட பிள்ளைங்ககிட்ட நான் கேட்டேன், பிடிக்கலைன்னா 100 வெள்ளி திரும்ப வருமான்னு. ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சிய பாத்தான். "அத மேனேஜர்கிட்ட கேக்கணும் ஆன்ட்டி"ன்னான்.

உங்க மக வீடியோ அனுப்பட்டும், பாக்க நல்லாத்தான் இருக்கு. அந்த ஹாட்டாக் ஒண்ணரை டாலர்னு 1980கள்லேர்ந்து விலைய ஏத்தாம வச்சிருக்காங்களே, அத கேட்டு பாருங்க, ஆஸ்திரேலியாவுல எவ்வளவுன்னு. எனக்கும் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, நான் ரயில் ஸ்டேஷன் ரோட்டுல ஒட்டுக்கடை வச்சிருக்கேன், காலையில நாசி லெமாக், தோசை, சாயங்காலம் வடை, பஜ்ஜி. வீட்டுக்கு வேணாம்னு சொல்லுவீங்க, தெரியும். வியாபாரத்துக்கு?
— வடைக்கடை தம்பி

பதில்: தம்பி, உனக்கு கதையே வேற. வீட்டுக்காரங்க வாங்குறது தீரணும்னு காத்திருக்கணும், உனக்கு தீர்றதுதான் தொழிலே.

பழைய ஆளுங்களுக்கு மேக்ரோ ஞாபகம் இருக்கும். நெதர்லாந்து கம்பெனி, 1968ல அங்க ஆரம்பிச்சது, தொண்ணூறுகள்ல நம்ம நாட்டுல கடை போட்டாங்க. லைசென்ஸ் காட்டி வியாபாரிங்கதான் கார்டு எடுக்கணும். எங்கப்பா அந்த கார்டை பர்ஸ்ல சாமி படத்துக்கு பின்னால வச்சிருந்தார், கல்யாண வீட்டுல யாராவது கடை பேச்சு எடுத்தா மெல்ல வெளிய எடுப்பார். 2006 கடைசியில மேக்ரோ கடை எட்டையும் பிரிட்டிஷ் கம்பெனி டெஸ்கோ வாங்கிடுச்சு. அப்புறம் டெஸ்கோவும் 2020ல தாய்லாந்துக்காரங்களுக்கு வித்து, இப்ப அதே கடைங்க லோட்டஸ்ங்கிற பேர்ல இருக்கு, யார் வேணும்னாலும் போகலாம். நான் இத ஏன் சொல்றேன்னா, கார்டு எடுக்கிறப்ப கடை ஒரு வருஷம் நிக்குமான்னும் யோசிக்கணும். அப்பாவோட கார்டு கடைசியில பேரப்பிள்ளைக்கு விளையாட்டு சாமானாச்சு.

உன் சாமானுக்கு வருவோம். முதல் விஷயம் எண்ணெய். ஒரு கிலோ மானிய பாக்கெட் வீட்டுக்கு மட்டும்தான், கடைக்கு போடக்கூடாது, பிடிச்சா அபராதம். நீ அத போடுறேன்னு நான் சொல்லல, ஆனா எழுதி வைக்கிறேன். அப்ப நீ 17 கிலோ டின்தான் வாங்கியாகணும், டின்னுல கடைக்கு கடை ரெண்டு மூணு வெள்ளி வித்தியாசம் நிஜமாவே வரும். வாரம் ரெண்டு டின்னு போச்சுன்னா கார்டு காசு அதுலயே ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடும். உளுந்து, கடலைப்பருப்பு 25 கிலோ மூட்டை, பேப்பர், பிளாஸ்டிக் டப்பா, டிஷ்யூ இதுலயும் மிச்சம் வரும். முட்டைக்கு அவ்வளவு தூரம் போகாத, மானியம் 2025 ஆகஸ்ட் 1ல எடுத்ததுலேர்ந்து விலை ஏறி இறங்குது, பண்ணை லோரி நம்ம ஊருக்கே வருது, அதுல வாங்குறதுதான் உடையாம வரும்.

ஆனா இப்ப உனக்கு சாமான் போடுற தவுக்கே (மொத்தக்கடை முதலாளி) வாரக்கடன் குடுக்கிறாரா? கடை வாசல்லயே இறக்கிடுறாரா? ஒரு மூட்டை உளுந்து சரியில்லைன்னா மாத்தி தர்றாரா? அதுக்கெல்லாம் ஒரு விலை இருக்கு. கிடங்கு கடையில காச எண்ணி வச்சு, நீயே தூக்கி, நீயே ஓட்டிகிட்டு வரணும். நீ ஈப்போ போற அன்னைக்கு கடைய யார் பாக்கிறது? ஒரு காலை வியாபாரம் விட்டா எவ்வளவு போகும்னு உனக்குத்தான் தெரியும், அது பெட்ரோல் காச விட பெரிசு. அதனால ஒண்ணு பண்ணு, கார்டு எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த கடை விலை நோட்டீஸ எடுத்துகிட்டு தவுக்கேகிட்ட போயி சிரிச்சுகிட்டே காட்டு. டின்னுக்கு ஒரு வெள்ளி குறைச்சார்னா கார்டே வேணாம். குறைக்கலைன்னா எடுத்துடு, உனக்கு நிச்சயம் கட்டுப்படியாகும்.

கேள்வி: ஒரே கார்டை ஆறு குடும்பம் சேர்ந்து எடுத்துக்கலாமா? எங்க தாமான்ல (குடியிருப்புல) பேசிகிட்டு இருக்கோம்.
— தாமான் பெண்கள் குழு

பதில்: கார்டுல படம் இருக்கும், ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் போனா வாசல்ல நிறுத்துவாங்க. ஆனா கார்டு இருக்கிறவங்க போயி வாங்கிட்டு வந்து வீட்டுல பிரிச்சுக்கிறத யாரும் தடுக்கமுடியாது. இதுதான் எனக்கு தெரிஞ்சு நம்ம ஊருக்கு சரியான வழி, ஏன்னா நாங்க பண்ணி பாத்திருக்கோம்.

எங்க வரிசையில ஆறு வீடு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை கூடுதலா. கூட்டு (சீட்டு) கட்டுற மாதிரியே வச்சோம், வீட்டுக்கு 80 வெள்ளி முன்பணம், ஒரு அக்கா கையில. வேன் ஓட்டுற அண்ணனுக்கு பெட்ரோல் காசு, ஒரு வேளை சாப்பாடு. கார்டு காசு ஆறா பிரிச்சா ஆளுக்கு 17 வெள்ளி கூட இல்ல. போக்குவரத்தும் ஆறா பிரிஞ்சிடுது. மேல அந்த தங்கச்சிக்கு போட்ட 211 வெள்ளி கணக்கு இருக்கே, அது இங்க ஒரு வீட்டுக்கு நாப்பதுக்குள்ள முடிஞ்சிடும். 25 கிலோ பருப்பு மூட்டைய ஆறா பிரிச்சா நாலு கிலோ சொச்சம், வண்டு வர்றதுக்கு முன்னாடி தீர்ந்துடும்.

சண்டை வரும், சொல்லிட்டேன். முதல் தடவை வந்தது மைலோவால. ரெண்டு கிலோ பாக்கெட் நாலு சேத்து ஒரு கட்டு, ஆறு வீட்டுக்கு நாலு பாக்கெட், யாருக்கு முழுசு யாருக்கு பாதி? பாதி பாக்கெட்ட டப்பாவுல கொட்டினா அளவு குறைஞ்ச மாதிரி தெரியுது. ஒரு அக்கா மூணு நாள் பேசல. அப்புறம்தான் போர்ட்டிகோவுல ஒரு தராசு வாங்கி வச்சோம், 30 கிலோ வரைக்கும் நிறுக்கும். பிரிக்கமுடியாதத வாங்கறதே இல்லைன்னு முடிவு பண்ணோம். கணக்கு எழுதுறது எட்டாவது படிக்கிற ஒரு பையன், அவனுக்கு தடவைக்கு அஞ்சு வெள்ளி. பெரியவங்க எழுதினா சந்தேகம் வருது, பையன் எழுதினா யாரும் கேக்கறதில்ல. எதுக்குன்னு தெரியல.

தீபாவளி நேரம்தான் இதுல உண்மையான லாபம். முறுக்கு மாவு, கடலை மாவு, நெய், மார்ஜரின், பலகார டப்பா எல்லாம் ஆறு வீடும் ஒரே வாரத்துல தீத்துடும், எதுவும் தங்காது.

சேர்ந்து வாங்குறதுல நம்ம ஊருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, சொல்லாம விடமுடியல. வெள்ளைக்காரங்க தோட்டத்த துண்டு போட்டு வித்துகிட்டு இருந்த காலத்துல, 1960ல, அப்ப அமைச்சரா இருந்த நம்ம ஊரு துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமா போயி, தோட்டத்த நாமளே சேர்ந்து வாங்கலாம்னு ஜனங்கள தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்துல சேத்தார். ரப்பர் மரத்துல பால் எடுத்தவங்க 100 வெள்ளி பங்க தவணையா கட்டினாங்க. அதுவும் 100 வெள்ளி, இந்த கார்டும் 100 வெள்ளி, எங்கம்மா அந்த பங்கு பத்திரத்த டிரங்கு பெட்டியில துணிக்கு அடியில வச்சிருந்தாங்க. பங்கு கட்டினா சங்கத்துல நீயும் ஒரு சொந்தக்காரி, கூட்டத்துல எழுந்து கேள்வி கேக்கலாம். கார்டு கட்டினா வருஷம் முடிஞ்சதும் அது பிளாஸ்டிக். ரெண்டுக்கும் "உறுப்பினர்"னு ஒரே வார்த்தைய போடுறாங்களே, அதுதான் எனக்கு சிரிப்பு.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பாலு வாங்கப் போனா 500 வெள்ளிக்கு வாங்கிட்டு வர்றார். போன தடவை தோட்டத்துக்கு தண்ணி அடிக்கிற ஹோஸ், டயர் பம்ப், ஆறு ஜோடி காலுறை. நாங்க இருக்கிறது நாலாவது மாடி ஃபிளாட், தோட்டமே இல்ல. என்ன பண்றது?
— பெயர் வேண்டாம்

பதில்: கார்டு யார் பேர்ல? அவர் பேர்லன்னா வருஷம் முடியட்டும், புதுப்பிக்கிறப்ப உன் பேர்ல எடு. அந்த கடைங்க வைக்கிறதே அப்படித்தான், இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காதுங்கிற மாதிரி சாமான், அரிசிக்கு போற வழியில. ஆம்பளைங்க டயர் பம்ப்ல விழுந்துடுவாங்க, நாம பீங்கான் செட்ல விழுந்துடுவோம். கையில பட்டியல், கையில ரொக்கம், கார்டு வீட்டுல, நான் வங்கி கார்ட சொல்றேன். ஹோஸ கீழ் வீட்டுக்காரருக்கு வித்துடு.

கேள்வி: அடிப்படை சாமான் வாங்க அரசாங்கம் குடுக்கிற சாரா உதவிப் பணத்த அந்த கார்டு கடையில பயன்படுத்தலாமா அக்கா?
— பாட்டி, தோட்டத்து லயத்துலேர்ந்து

பதில்: பாட்டி, சாரா பணம் உங்க அடையாள அட்டை மைகார்டுலயே ஏறியிருக்கு, 2025 ஆகஸ்ட் 31லேர்ந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் குடுத்த 100 வெள்ளியும் அப்படித்தான் வந்துச்சு. அந்த திட்டத்துல சேர்ந்த கடையில, அவங்க சொன்ன வகை சாமானுக்கு மட்டும்தான் செல்லும். அதனால 100 வெள்ளி கார்டு கட்டுறதுக்கு முன்னாடி அந்த கடையில மைகார்டு வாங்குவாங்களான்னு பேரன விட்டு கேக்க சொல்லுங்க. வாங்கலைன்னா உதவிப் பணத்துக்கு ஒரு கடை, கார்டுக்கு ஒரு கடைன்னு அலையணும். உங்களுக்கு டவுன்ல இருக்கிற கடையே போதும், பஸ் விட்டு இறங்கினா வாசல்.

கேள்வி: கார்டு கடையில உறைஞ்ச கோழி ரொம்ப மலிவு. அதுக்காக பெட்டி ஃப்ரீசர் ஒண்ணு வாங்கிடலாமான்னு யோசனை. சரியா?
— புது மாப்பிள்ளை, சுங்கை சிப்புட்

பதில்: வீட்டுல ரெண்டே பேர், எதுக்கு தம்பி? கோழிக்கு விலைக்கட்டுப்பாட்ட 2023 நவம்பர் 1ல எடுத்தப்புறம் கடைங்க போட்டி போட்டு விக்கிறாங்க, வாரத்துக்கு ஒண்ணு வாங்கினா போதும். ஃப்ரீசர் விலை, அதுக்கு நாள் முழுக்க ஓடுற கரண்டு, மின்சாரம் போன அன்னைக்கு பத்து கோழிய ஒரே நாள்ல சமைக்கிற கூத்து, இதெல்லாம் கிலோவுக்கு ஒரு வெள்ளி மிச்சத்துல வராது.

எனக்கு ஆன கதைய சொல்லிடுறேன். கார்டு எடுத்த புதுசுல அஞ்சு கிலோ மாங்கா ஊறுகாய் வாளி ஒண்ணு வாங்கினேன். பாதி விலை, விடமுடியல. வீட்டுல நானும் அவரும், பிள்ளைங்க கோலாலம்பூர்ல. ரெண்டு மாசம் மூணு வேளையும் ஊறுகாய், அவருக்கு பிரஷர் மாத்திர டோஸ் ஏறிடுச்சு, டாக்டர் என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டப்ப ரெண்டு பேரும் சுவத்த பாத்தோம். மிச்சம் மூணு கிலோவ கோயில் அன்னதானத்துக்கு கொண்டுபோயி குடுத்தேன். வாளிய மட்டும் வச்சிருக்கேன், நல்ல வாளி, இப்ப அதுலதான் அரிசி கழுவுன தண்ணி பிடிச்சு கறிவேப்பிலைக்கு ஊத்துறேன்.